மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?



இன்றைய பேச்சு கணக்கைப் பற்றியது. கணக்கு என்று கேட்டதும் வானொலிப் பெட்டியை மூடிவிட வேண்டாம். கையில் ஒரு பென்சிலும், கிழித்துப் போட்ட நாட்காட்டித் தாள் ஒன்றும் இருந்தால் போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் இன்றும் இருப்பவர்களுக்கும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் குடிபோய்விட்டவர்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். நான்காம் ஆண்டில் ஒரு பையன். வாய்ப்பாட்டில் கெட்டிக்காரன், பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகவும் ஒப்பிப்பான். அந்த வகுப்புக்குப் பின்னம் என்ற பாடம் வந்தது. மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, இவற்றுள் பெரியது எது என்று கேட்டிருந்தேன். நான்கில் ஒன்று என்று எழுதினான். ஐந்தில் ஒன்றா, எட்டில் ஒன்றா என்றதற்கு எட்டில் ஒன்று என்று எழுதினான். பத்துக் கேள்விகளில் எட்டு தவறு. நானும் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் முதல் அந்தப் பையன் வகுப்பில் கையைத் தூக்குவதையே நிறுத்திக்கொண்டான். எட்டுத் தவறு எனக்குப் பெரிதாகப் படவில்லை. தூக்காத அந்தக் கைதான் மனத்தை உறுத்தியது.

இரண்டு நாள் கழித்து, மாலையில், அவன் தாயார் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். பால்மரம் வெட்டுகிற அம்மா. பையன் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான்.

"ஐயா, எங்க வீட்டுல யாருக்கும் படிப்பு இல்லீங்க. இவன் கேட்டா நாங்க என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்றார்.

நான் நோட்டைத் திறக்கவே இல்லை. "அம்மா, ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் இருக்கிறது. அதை மூன்று வீட்டுக்குச் சமமாகப் பங்கு போட்டால் உங்களுக்கு அதிகம் வருமா, நான்கு வீட்டுக்குப் போட்டால் அதிகம் வருமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "இதென்னங்கய்யா கேள்வி? ஆளு கூடுனா பங்கு குறையும்."

பின்னால் நின்ற பையன் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான். நான் ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதிச் சொல்ல முடியாததை, அவன் தாயார் நான்கு சொல்லில் சொல்லிவிட்டார்.

பையன் ஏன் தவறினான்? அவன் மூடனல்லன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக் கற்ற நாள் முதல், மூன்றைவிட நான்கு பெரிது, ஐந்தைவிட எட்டு பெரிது என்றுதான் அவனுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். அது உண்மையும்கூட. பின்னத்தில் எழுதும்போது அதே 4, அதே 8, கோட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளுகிறது. அங்கே அது பொருளின் எண்ணிக்கை அன்று. எத்தனை கூறாக வெட்டினோம் என்பதற்கான அடையாளம். இடம் மாறினால் வேலை மாறுகிறது. இதைப் பிள்ளைக்கு யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால், அவன் பழைய பழக்கப்படியே பெரிய எண்ணைப் பார்த்துப் பெரியது என்கிறான்.

இந்த இடத்தில் நம் தாய்மொழி பெரிய உதவி செய்கிறது. கோட்டுக்கு மேலே 3, கீழே 4 என்று எழுதியிருந்தால் தமிழில் எப்படிப் படிக்கிறோம்? "நான்கில் மூன்று" என்கிறோம். முதலில் வெட்டு, பிறகு எடுப்பு. ஒரு அப்பத்தை நான்காக வெட்டு. அதில் மூன்றை எடு. வீட்டில் நடக்கும் வரிசையும் அதுதான். கீழே உள்ள வெட்டு எண்ணைப் பகுதி என்றும், மேலே உள்ள எடுப்பு எண்ணைத் தொகுதி என்றும் பாடநூல் சொல்லும். பெயர் மறந்தாலும் குற்றமில்லை. பிள்ளை படிக்கும்போது "நான்கில்" என்றதும் கையால் வெட்டிக் காட்டவும், "மூன்று" என்றதும் எடுத்துக் காட்டவும் பழக்குங்கள்.

சரி, ஆளு கூடினால் பங்கு குறையும் என்று பையனுக்குப் புரிந்துவிட்டது. கதை முடிந்ததா என்றால், இல்லை. அடுத்த வாரமே வேறொரு வம்பு வந்தது. எட்டில் ஏழா, நான்கில் ஒன்றா, எது பெரிது என்று கேட்டேன். "நான்கில் ஒன்று" என்றான் உடனே. ஏனப்பா என்றால், "எட்டுப் பேருக்குப் பங்கு போட்டா குறையும்னு அம்மா சொன்னாங்க, சார்" என்றான்!

அம்மா சொன்னது சரிதான். ஆனால் அது ஒரு பங்கைப் பற்றிய பேச்சு. எட்டில் ஒரு பங்கு சின்னதுதான். அந்தச் சின்னப் பங்கில் ஏழை ஒருவன் அள்ளிக்கொண்டு போனால், முழுவதில் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். ஆகவே இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். துண்டு எவ்வளவு பெரியது? அப்படிப்பட்ட துண்டு எத்தனை? துண்டின் அளவு ஒன்றேயானால், எண்ணிக்கையைப் பார்த்தால் போதும்: எட்டில் ஐந்தைவிட எட்டில் ஏழு பெரிது. எண்ணிக்கை ஒன்றேயானால், துண்டின் அளவைப் பார்த்தால் போதும்: ஏழில் மூன்றைவிட ஐந்தில் மூன்று பெரிது. இரண்டும் வேறுபட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யோசிப்பதற்குச் சுலபமான வழி, பாதியை நடுவில் நிறுத்திப் பார்ப்பது. ஏழில் மூன்றா, ஒன்பதில் ஐந்தா என்று வைத்துக்கொள்வோம். ஏழில் பாதி மூன்றரை; மூன்று அதற்குக் குறைவு. ஒன்பதில் பாதி நாலரை. ஐந்து அதற்கு மேல். ஒன்று பாதிக்குக் கீழே, மற்றது பாதிக்கு மேலே. பெருக்கல் வகுத்தல் எதுவுமே இல்லாமல் விடை வந்துவிட்டது. பிள்ளைகள் இதை மிகவும் விரும்புவார்கள்.

இரண்டுமே பாதிக்கு மேல் இருந்தால்? முழுமைக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். நான்கில் மூன்றையும் ஐந்தில் நான்கையும் எடுத்துக்கொள்வோம். "ரெண்டுலயும் ஒண்ணு குறையுது, அதனால ரெண்டும் சமம்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. குறைவது ஒரு துண்டுதான். ஆனால் எந்தத் துண்டு? முதலாவதில் குறைவது கால் துண்டு. அடுத்ததில் குறைவது ஐந்தில் ஒரு துண்டு. ஆளு கூடினால் பங்கு குறையும் அல்லவா? கால் துண்டைவிட ஐந்தில் ஒரு துண்டு சிறியது. குறைவது சிறிது என்றால் இருப்பது பெரிது. ஆகவே ஐந்தில் நான்கே பெரியது.

இந்த இடத்தில் அந்தப் பையனின் பாட்டி ஒரு நாள் என்னை வியப்பில் ஆழ்த்தினார். தமிழ்நாட்டில் பிறந்து சிறு வயதில் இங்கு வந்தவர். கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் வந்துவிட்டார்களா என்று நான் கேட்டேன். "முக்காலே மூணு வீசம் வந்தாச்சு" என்றார். நம் வீடுகளில் ஏறக்குறைய முழுவதும் என்பதற்கு இன்றும் இப்படிச் சொல்வதுண்டு. ஆனால் அது ஒரு துல்லியமான கணக்கு என்பதை நாம் மறந்துவிட்டோம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு. அதனோடு மூன்று வீசம் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து. அதாவது, பதினாறு பேரில் ஒருவர்தான் வரவில்லை என்று பாட்டி சொல்லியிருக்கிறார். பத்தில் ஒன்பதைவிட அது பெரிது. ஏனென்றால் பத்தில் ஒன்று குறைவதைவிடப் பதினாறில் ஒன்று குறைவது சிறிய குறைவு.

பழைய இந்திய ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். இந்நாட்டுக் கடைகளில் கிலோ வருவதற்கு முன் இருந்த காத்தி நிறைக்கும் பதினாறு தாஹில். மலேசியாவில் 1972-ஆம் ஆண்டு நிறை அளவைச் சட்டத்துக்குப் பிறகு அவை மெல்ல மெல்ல மறைந்தன. பதினாறாகப் பிரிப்பதில் ஒரு வசதி உண்டு. பாதி, அதில் பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று நான்கு முறை மடித்தால் வீசம் வந்துவிடும். ஒரு தாளை நான்கு முறை மடித்துப் பிரித்துப் பாருங்கள். பதினாறு கட்டம் இருக்கும். அரை, கால், அரைக்கால், வீசம் என்பவை இந்த நான்கு மடிப்பின் பெயர்கள். (அரைக்கால் சட்டையில் உள்ள அரைக்கால் வேறு; அங்கே கால் என்பது நடக்கிற கால். ஒரு பிள்ளை என்னிடம் அது எட்டில் ஒரு சட்டையா என்று கேட்டிருக்கிறான்.)

அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்று ஒன்றை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அதில் கீழ்வாயிலக்கம் என்ற பின்னக் கணக்கு உண்டு. அதில் முந்திரி என்று ஒரு சிறு அளவு வருகிறது. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. இதென்ன விசித்திரமான எண், நூறு என்றோ ஆயிரம் என்றோ வைத்திருக்கக் கூடாதா என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. மற்ற பின்னங்களை முந்திரியாக மாற்றிப் பாருங்கள். நாட்காட்டித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அரை என்பது 160 முந்திரி. கால் 80. அரைக்கால் 40. வீசம் 20. இனி வேறொரு வரிசை. மா என்பது இருபதில் ஒன்று. அது 16 முந்திரி. இருமா, அதாவது பத்தில் ஒன்று, 32. நாலுமா, அதாவது ஐந்தில் ஒன்று, 64. காணி என்பது எண்பதில் ஒன்று, 4 முந்திரி. எதிலும் மிச்சம் வரவில்லை, பார்த்தீர்களா? வீசத்துக்கு மாகாணி என்று இன்னொரு பெயர் உண்டு. மா 16, காணி 4, கூட்டினால் 20. பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போது கடினமான கேள்வி ஒன்று. ஐந்தில் ஒன்று பெரிதா, பதினாறில் மூன்று பெரிதா? பார்த்த மாத்திரத்தில் சொல்வது அரிது. முந்திரியில் சொல்லுங்கள். நாலுமா 64, மூன்று வீசம் 60. ஐந்தில் ஒன்றே பெரிது. அதுவும் சரியாக ஒரு காணி பெரிது. இன்னொன்று: அரைக்காலா, மும்மாவா? அதாவது எட்டில் ஒன்றா, இருபதில் மூன்றா? 40, 48. மும்மா பெரிது. வெவ்வேறு அளவுள்ள துண்டுகளை ஒரே அளவுத் துண்டாக நறுக்கிவிட்டால், பிறகு எண்ணுவது மட்டும்தான் வேலை. பள்ளியில் பொதுப் பகுதி காண்பது, மீச்சிறு பொது மடங்கு காண்பது என்று சொல்லுகிறார்களே, அது இதுதான்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். 320-ஐ மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். எனவே மூன்றில் ஒன்றை முழு முந்திரியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் பள்ளிக் கணக்கில் ஒரே எண்ணைக் கட்டிக்கொண்டு அழாமல், கேள்விக்குத் தக்க எண்ணை நாமே தேடிக்கொள்ளுகிறோம். மூன்றும் நான்கும் வந்தால் பன்னிரண்டு. மூன்றும் பத்தும் வந்தால் முப்பது.

மூன்றும் பத்தும் எங்கே வரும் என்கிறீர்களா? பால் நிறுக்கும் இடத்தில் வரும். மரத்திலிருந்து வரும் பால் முழுவதும் ரப்பர் அன்று, பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அது மரத்துக்கு மரம், நாளுக்கு நாள் மாறும். ஒருவர் பாலில் அது மூன்றில் ஒன்று, இன்னொருவர் பாலில் பத்தில் மூன்று என்று வைத்துக்கொள்வோம். பத்தில் மூன்று என்பதில் எண்கள் பெரியவை. அதுவே பெரிது என்று கண் சொல்லும். முப்பதாக நறுக்கிப் பாருங்கள். மூன்றில் ஒன்று முப்பதில் பத்து. பத்தில் மூன்று முப்பதில் ஒன்பது. முப்பது கிலோ பாலில் ஒரு கிலோ ரப்பர் வித்தியாசம். காய்ந்த ரப்பருக்குத்தான் விலை என்னும் இடத்தில், இந்த ஒரு கிலோ சின்ன விஷயமா?

சம்பளச் சீட்டிலும் பின்னம் ஒளிந்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சாதாரண வேலை நாளில் நேரம் கடந்து செய்யும் வேலைக்கு மணிக்கூலியில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். மணிக்கூலி 8 ரிங்கிட் என்றால் அது 12 ரிங்கிட். யாரோ ஒன்றேகால் என்று போட்டுவிட்டால் 10 ரிங்கிட்தான். ஒன்றரையா, ஒன்றேகாலா என்னும்போது முன்னால் உள்ள ஒன்று இரண்டிலும் சமம். ஒட்டிக்கொண்டிருக்கும் பின்னத்தை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டைவிட நான்கு பெரியது, ஆகையால் காலே பெரிது என்று நினைக்கும் பிள்ளை நாளை வேலைக்குப் போனால், மணிக்கு 2 ரிங்கிட் போவதைக் கவனிக்கமாட்டான். மாதத்தில் இருபது மணி நேரம் என்றால் 40 ரிங்கிட்.

ஊழியர் சேமநிதிக்குப் பொதுவாகத் தொழிலாளி பங்காகப் பிடிப்பது நூற்றுக்குப் பதினொன்று. இதை ஒன்பதில் ஒரு பங்கு என்று சொன்னால் சரியா? நூற்றையும் ஒன்பதையும் பெருக்கினால் 900. நூறில் பதினொன்று, 900-இல் 99 ஆகிறது. ஒன்பதில் ஒன்று, 900-இல் 100. மயிரிழை வித்தியாசம், ஒன்பதில் ஒன்றே சற்றுப் பெரிது. சம்பளம் 1,800 ரிங்கிட் என்றால் ஒன்பதில் ஒன்று 200, நூற்றுக்குப் பதினொன்று 198.

இதில் 99 எங்கிருந்து வந்தது? 11-ஐ 9-ஆல் பெருக்கினோம். 100 எங்கிருந்து வந்தது? 1-ஐ 100-ஆல் பெருக்கினோம். முதல் பின்னத்தின் மேல் எண்ணை அடுத்ததன் கீழ் எண்ணாலும், அடுத்ததன் மேல் எண்ணை முதலாவதன் கீழ் எண்ணாலும் பெருக்குகிறோம். குறுக்குப் பெருக்கல் என்று பள்ளியில் சொல்லித் தருவது இதையே. 900 என்ற பொதுப் பகுதி இரண்டுக்கும் ஒன்றே என்பதால், அதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பல பிள்ளைகள் இந்தக் குறுக்குப் பெருக்கலை மந்திரம்போல் செய்கிறார்கள். எந்தப் பக்கத்து விடை எந்தப் பின்னத்துக்கு உரியது என்பதைக் குழப்பிக்கொள்ளுகிறார்கள். நறுக்கிய துண்டுகளைத்தான் எண்ணுகிறோம் என்று தெரிந்தவனுக்கு அந்தக் குழப்பம் வராது. என்னைக் கேட்டால், அப்பமும் எண்ணெயும் மடித்த தாளும் கை வந்த பிறகுதான் குறுக்குப் பெருக்கலைக் காட்ட வேண்டும் என்பேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் ஒரே முழுமையைப் பற்றி. முழுமை வேறானால் பேச்சும் வேறு. பால்மரத்தில் அரைச் சுற்று வெட்டும் உண்டு, கால் சுற்று வெட்டும் உண்டு. அரைச் சுற்றே நீளமானது என்று எல்லா மரத்துக்கும் சொல்லிவிட முடியுமா? 50 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள இளமரத்தில், கோட்டின் சாய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், அரைச் சுற்று 25 சென்டிமீட்டர். 100 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கிழமரத்தில் கால் சுற்றும் அதே 25 சென்டிமீட்டர். "எதில் கால், எதில் அரை?" என்று முதலில் கேட்கப் பழக வேண்டும். இதைப் பையனிடம் சொன்னபோது, "அப்போ அம்மாகிட்ட எந்த மரம்னு கேட்டுட்டுத்தான் சொல்லணும், சார்" என்றான். அன்று வகுப்பில் கையைத் தூக்கிவிட்டுத்தான் சொன்னான்.

நேரம் நெருங்கிவிட்டது. உங்களுக்கு ஒரு கேள்வி. அரையே அரைக்கால் பெரிதா, ஐந்தில் மூன்று பெரிதா? எட்டில் ஐந்தைத்தான் அரையே அரைக்கால் என்கிறோம். இரண்டுமே பாதிக்கு மேல். முழுமைக்குக் குறைவதைப் பார்த்தாலும் உடனே பிடிபடாது. பாட்டிமார் இருந்தால் முந்திரியில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை குறுக்குப் பெருக்கலில் போட்டுப் பார்க்கட்டும். பாட்டிக்கு 200-உம் 192-உம் வர வேண்டும். பிள்ளைக்கு 25-உம் 24-உம் வர வேண்டும். இருவரும் எட்டில் ஐந்தே பெரிது என்று சொன்னார்களா என்று பாருங்கள்.